ஆலைச் சங்கும் அடுப்படியும்

தமிழ்நாட்டில் தாய்மார் வேலைக்குப் போவது புதிதன்று. நாற்று நடுவதும் களை எடுப்பதும் காலங்காலமாகப் பெண்கள் கையில் இருந்த வேலைகள். தறிக்கு நூல் சுற்றியவர்களிலும், தெருவெங்கும் மோர்ப்பானையும் மீன்கூடையும் சுமந்து விற்றவர்களிலும் பெரும்பாலோர் பிள்ளை பெற்றவர்களே. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மாறியவை வேலையின் இடமும் நேரமும்தான். பிள்ளைக்குப் பசிக்கும்போது தாய் எங்கே இருக்கிறாள், அப்போது அதற்குச் சோறு ஊட்டுவது யார், அந்தச் சோற்றில் சத்து எவ்வளவு ஆகிய மூன்று கேள்விகளும் இந்த மாற்றத்தோடு எழுந்தன. வீடும் சட்டமும் இயந்திரமும் அரசும் அவற்றுக்கு அடுத்தடுத்துப் பதில் தேடின.

வரப்போரத் தூளி

வயலில் வேலை செய்த தாய் கைக்குழந்தையை உடன் கொண்டுபோனாள். வரப்போர வேப்பமரக் கிளையில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டிப் போட்டுவிட்டு நடவுக்கு இறங்குவாள். குழந்தை வீறிட்டால் கரையேறி, சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு பால் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். மேஸ்திரி முகம் சுளித்தாலும் வேலைக்கும் பிள்ளைக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு வரப்பளவுதான்.

பால்குடி மறந்த பிள்ளைகளைப் பாட்டி பார்த்துக்கொண்டாள். பாட்டி இல்லாத வீட்டில் அந்தப் பொறுப்பு ஏழெட்டு வயது மூத்த பெண்ணின் இடுப்பில் ஏறியது. தம்பி தங்கையைத் தூக்கி வளர்த்த அந்தச் சிறுமிகள் பள்ளிக்கூடத்தின் பக்கம் போகவில்லை. தாயின் கூலிக்கு அந்த வீடு கொடுத்த விலைகளில் மிகப் பெரியது மகளின் படிப்பு.

வேலைக்குக் கிளம்பும் வீட்டின் உணவும் அந்த வாழ்க்கைக்கு ஏற்றபடி அமைந்திருந்தது. முதல்நாள் இரவு வடித்த சோற்றில் நீர் ஊற்றி வைத்தால் மறுநாள் விடியலில் அடுப்பு மூட்டாமலே பழையது தயார். புஞ்சை ஊர்களில் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் சோளக் களியும் அந்த இடத்தில் இருந்தன. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் கம்பில் இரும்புச் சத்தும் மிகுதி. ஆயினும் ஏழை வீட்டில் அளவு போதியதாக இருந்ததில்லை. ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பிறகு சட்டியில் மிஞ்சியதே தாயின் பங்கு.

அந்தச் சோற்றுக்குப் பின்னால் இன்னொரு முழு வேலைநாள் மறைந்திருந்தது. நெல்லை உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, தவிடு பிரித்து அரிசியாக்க வேண்டும். கேழ்வரகைத் திருகையில் அரைக்க வேண்டும். மிளகாயும் மல்லியும் அம்மியில் அரைபட வேண்டும். கூலிக்குப் போகும் பெண் இவற்றைக் கோழி கூவுமுன் ஒரு பாதியும் விளக்கு வைத்த பின் மறுபாதியுமாக முடித்தாள்.

சங்கு ஊதிய பிறகு

கோயம்புத்தூரில் 1888இல் ஸ்டேன்ஸ் துரையின் பஞ்சாலையும், மதுரையில் 1892இல் ஹார்வி சகோதரர்களின் ஆலையும் எழுந்தன. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்து சேர்ந்ததும் கோவையைச் சுற்றி ஆலைகள் பெருகின. பஞ்சு சுத்தம் செய்யவும் நூல் சுற்றவும் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு வாசலுக்குள் இருக்க வேண்டும். மறு சங்கு ஊதும்வரை வெளியே வர முடியாது. வரப்போரத் தூளிக்கு அங்கே இடமில்லை. பஞ்சுத் தூசி பறக்கும் கூடத்திலேயே குழந்தையைக் கிடத்தியவர்களும் உண்டு. வீட்டில் விட்டுவிட்டு நாளெல்லாம் பால் கட்டிய மார்போடு நின்றவர்களும் உண்டு. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931இல் அறிக்கை தந்த அரச ஆணையம், ஆலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகள் அழாமல் உறங்குவதற்காக அபின் கொடுக்கும் வழக்கத்தைப் பதிவு செய்து, ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது.

தேயிலைத் தோட்டங்களிலும் நிலைமை இதுவே. நீலகிரியிலும் வால்பாறையிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையைச் சுமந்து மலைச்சரிவில் ஏறும்போது பிள்ளையையும் சுமக்க இயலாது. கடல் கடந்து போன தமிழர்களிடையே இதற்கென்றே சொற்கள் பிறந்தன. இலங்கை மலையகத்தில் தோட்டத்துக் குழந்தைக் காப்பகம் ‘பிள்ளைக் காம்பரா’ ஆயிற்று; மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் அது ‘ஆயாக் கொட்டகை’. வேலைக்குப் போக வயது கடந்த ஒரு பெண் அங்கே வரிசையாகத் தொங்கிய தூளிகளை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

சட்டம் மெல்ல வந்தது. மத்திய சட்டசபையில் 1924இல் என்.எம். ஜோஷி கொண்டுவந்த மகப்பேற்று உதவி மசோதா தோற்றது. பம்பாய் மாகாணம் 1929இல் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. சில ஆண்டுகளில் சென்னை மாகாணமும் அந்த வழியில் சென்றது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள அறை வேண்டும், பயிற்சி பெற்ற பெண் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றது. பிள்ளைகளுக்குப் பாலோ சிற்றுண்டியோ கொடுக்கவும், தாய்மார் இடையில் வந்து பாலூட்டவும் அதன்கீழ் விதி செய்ய வழி பிறந்தது. 1976இல் அந்த வரம்பு 30 பெண்களாகக் குறைக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இதே கடமையைத் தோட்டங்களுக்கு விதித்தது. 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் 12 வார ஊதிய விடுப்பையும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாள்தோறும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளையும் உரிமையாக்கியது. 2017இல் விடுப்பு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமாயிற்று. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் காப்பகம் கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு இந்த விடுப்பு 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் ஓராண்டாகவும் உயர்ந்தது.

ஏட்டில் இருந்த உரிமை எல்லார் கைக்கும் எட்டவில்லை. மகப்பேற்றுச் செலவையும் காப்பகச் செலவையும் ஏற்க மனமில்லாத ஆலைகள் பெண்களைச் சேர்ப்பதையே குறைத்துக்கொண்டன. பின்னாளில், 1990களின் இறுதியிலிருந்து, கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற முறை பரவியது. மணமாகாத இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து மூன்றாண்டு வேலை வாங்கி, முடிவில் ஒரு தொகையைக் கொடுக்கும் ஏற்பாடு அது. ஆலைக்குப் பெண்ணின் உழைப்பு வேண்டியிருந்தது. பிள்ளையோடு வரும் பெண் வேண்டியிருக்கவில்லை.

குன்னூர் சொன்ன பாடம்

உணவின் அளவோடு அதன் தரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற அறிவு நீலகிரி மலையிலிருந்து வந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1920களில் எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்து வளர்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி அடங்கிய பஞ்சாப் உணவு தின்ற எலிகள் திடமாக வளர்ந்தன. வெள்ளை அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு தின்றவை கடைசி வரிசையில் நின்றன.

அதே காலத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாயின் பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் சோகையை ஆராய வந்தார். குன்னூரிலும் தங்கி ஆய்வு செய்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்ற மலிவான சாறு அந்தச் சோகையைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். அதில் இருந்த பொருள்தான் பின்னர் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கொடுக்கப்படும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைக்கும் ஆலைக்கு வேலைக்குப் போன அந்தப் பெண்களுக்கும் நேரான தொடர்பு உண்டு.

அரிசி ஆலை பற்றியும் குன்னூர் ஆய்வாளர்கள் ஒரு பாடம் சொன்னார்கள். இயந்திர ஆலை பெண்களை உலக்கையிலிருந்து விடுவித்தது. தீட்டத் தீட்ட அரிசியின் தவிட்டோடு தயாமின் என்ற உயிர்ச்சத்தும் போயிற்று. சென்னை மாகாணத்தின் வடகோடித் தெலுங்கு மாவட்டங்களில், தீட்டிய பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி நோய் பரவியது. தமிழ் மாவட்டங்களைப் பெரிதும் காத்தது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், ஆலையில் தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. பாட்டிமார் காரணம் அறியாமல் காத்துவந்த பழக்கம் ஒரு தலைமுறைக் குழந்தைகளின் நரம்பைக் காத்தது.

அடுப்படிக்கு வந்த மோட்டார்

உலக்கை போன பிறகும் ஆட்டுக்கல் இருந்தது. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, ஒரு கையால் குழவியைச் சுற்றி மறு கையால் மாவைக் குழிக்குள் தள்ளித் தள்ளி ஆட்டினால், ஒரு குடும்பத்துக்கான மாவுக்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். தோள்பட்டை கடுத்து எழுந்திருக்கும் அந்த மாலைகளை மாற்றியது கோயம்புத்தூரின் இயந்திர அறிவு. 1955இல் அவ்வூர் பி. சபாபதி, மோட்டார் பொருத்திய மாவு அரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். உணவகங்களுக்காகத் தொடங்கியது, பின்னர் வீட்டுக்கேற்ற அளவில் சிறுத்தது. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1950களின் இறுதியில் பிரஷர் குக்கர் இந்தியாவிலேயே உற்பத்தியாகத் தொடங்கியது. அம்மியின் இடத்தை மிக்சி பிடித்தது. விறகின் இடத்துக்குக் கெரசின் ஸ்டவ்வும் பின்னர் கேஸ் அடுப்பும் வந்தன. குளிர்சாதனப் பெட்டி வந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டிய மாவு புதன்கிழமை வரை தாங்கியது. ஆசிரியை, செவிலியர், தட்டச்சர், தொலைபேசி இயக்குநர் என்று நகரத்துப் பெண்கள் அலுவலகம் புகுந்த தலைமுறையின் காலை நேரம் இந்த இயந்திரங்களால்தான் சாத்தியமாயிற்று.

ஏழை வீடுகளுக்கு அவை வெகுகாலம் எட்டவில்லை. 2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது, கூலி வேலைக்குப் போகும் பெண்ணின் வீட்டிலும் ஆட்டுக்கல் ஓய்வு பெற்றது. இதற்கிடையில் தெருமுனையில் ஈர மாவு அரைத்து விற்கும் தொழில் வளர்ந்தது. பாக்கெட் மாவு பெட்டிக்கடைவரை வந்துவிட்டது. அலுவலகம் விட்டு இரவு ஏழு மணிக்கு இறங்கும் தாய் வாங்கும் அந்த ஒரு கிலோ மாவில், அதை அரைத்து விற்கும் இன்னொரு தாயின் பிழைப்பும் இருக்கிறது.

இயந்திரம் நேரத்தைக் கொடுத்தது. தட்டின் சத்துக்கு அது பொறுப்பேற்கவில்லை. நெல்லரிசி பெருக, கேழ்வரகும் கம்பும் தட்டிலிருந்து ஒதுங்கின. பிஸ்கட்டும் நூடுல்சும் பள்ளிப் பைக்குள் ஏறின.

அரசின் உலை

வேலைக்குப் போன தாய்க்குப் பகலில் பதிலாக நின்றது, தமிழ்நாட்டில் பெரும்பாலும் பள்ளிக்கூடத்து அடுப்பு. 1920 செப்டம்பரில் பிட்டி தியாகராயரின் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகாத செலவு. மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது, வருகை பெருகியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று ஆங்கில அரசு மறுத்ததால் 1925இல் நின்றுபோனது.

1956இல் காமராசர் ஆட்சியில் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களின் ஆதரவைத் திரட்டினார். பிடியரிசி சேர்த்தும் காய்கறி கொடுத்தும் ஊரே உலை வைத்தது. சாப்பாட்டுக்குப் பிள்ளை பள்ளிக்கு வரும் என்பதே திட்டத்தின் நோக்கம். அதனால், பகல் முழுவதும் வயலில் நிற்கும் தாய்க்குப் பிள்ளையின் மதியப் பசி பற்றிய கவலையும் குறைந்தது.

பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் இன்னும் வெளியே நின்றார்கள். 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிகளைக் கொண்டுவந்தது. 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. கிராமத்து ஊட்டச்சத்துப் பணியாளர் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, அட்டையில் புள்ளி வைத்து, வளர்ச்சிக் கோடு கீழே சரிந்தால் கூடுதல் உணவு கொடுத்தார். தாய் கண்ணால் பார்த்தறியாத மெலிவை அந்தக் கோடு காட்டிக்கொடுத்தது.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இவற்றையெல்லாம் விழுங்கும் அளவில் பெரியது. இரண்டு வயதிலிருந்தே பிள்ளைகளை அது சேர்த்துக்கொண்டது. 60 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பந்தியில் அமர்ந்தார்கள். தந்தையை இழந்த சிறு வயதில் பசியால் அழுததையும், அண்டை வீட்டுப் பெண் கொடுத்த கஞ்சி தம்மைக் காப்பாற்றியதையும் அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். சத்துணவு மையத்தின் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் வேலைகள் பெரும்பாலும் பெண்களுக்கே சென்றன. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை இருந்தது. இரண்டு வயதுப் பிள்ளை குழந்தைகள் மையத்துக்குப் போனதால் தாய் கூலிக்குப் போனாள். தம்பியை இடுப்பில் வைத்திருந்த அக்கா பள்ளிக்குப் போனாள்.

அடுத்து வந்த ஆட்சிகள் அந்தத் தட்டில் சத்தைச் சேர்த்தன. 1989இல் மு. கருணாநிதி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கினார். அது வாரம் ஒன்றாகி, படிப்படியாக உயர்ந்து, 2010இல் வாரம் ஐந்து முட்டையானது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் உருளைக்கிழங்கும் சேர்ந்தன. ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்கள் வந்தன. 2013 பிப்ரவரியில் சென்னையில் திறந்த அம்மா உணவகம், ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்து, விடியலில் வேலைக்குக் கிளம்பும் குடும்பங்களின் காலைப் பசியை ஆற்றியது. அதை நடத்தியவர்களும் சுயஉதவிக் குழுப் பெண்களே. 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மாருக்குத் தனி அறைகள் திறக்கப்பட்டன. ஊர்விட்டு ஊர் வேலைக்குப் போய்வரும் இளந்தாய்க்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் எவ்வளவு பெரியது என்பதைப் பயணம் செய்தவர்கள் அறிவார்கள்.

மீதியிருந்தது காலைச் சாப்பாடு. வேலைக்குப் போகும் தாயின் நாளில் மிக நெருக்கமான நேரம் அதுதான். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் பின்னலாடைக் கம்பெனிக்கும் ஏழு மணிக்கே கிளம்பும் பெண்களின் பிள்ளைகள் டீயும் பன்னுமாக, அல்லது வெறும் வயிறாக, பள்ளிக்கு வந்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மு.க. ஸ்டாலின் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள்; 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளும். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்றாக, காய்கறி சாம்பாரோடு. ஊர்ப்புறப் பள்ளிகளில் சமைப்பவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய்க்கு அந்த வேலையில் முன்னுரிமை. இருள் பிரியும் நேரத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் ரவை வறுக்கத் தொடங்கும் அவள், எட்டு மணி வரிசையில் தன் பிள்ளையின் தட்டிலும் மற்றப் பிள்ளைகளின் தட்டிலும் ஒரே கரண்டியால் பரிமாறுகிறாள்.

எஞ்சியிருக்கும் பாரம்

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டாகக் கட்டப்பட்ட பள்ளி உணவும் அங்கன்வாடியும் அதற்குத் துணை நின்ற காரணங்களில் அடங்கும். ஆனால் மகப்பேற்று விடுப்பும் காப்பகமும் இன்னும் பெரும்பாலும் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கே. வீட்டு வேலை செய்பவர், தெருவில் பூ விற்பவர் ஆகியோருக்கு அந்தச் சட்டங்களில் இடமில்லை. பிற்பகலிலேயே மூடும் அங்கன்வாடி, மாலை ஆறு மணிக்குத் திரும்பும் தாயின் நேரத்தோடு பொருந்துவதில்லை. இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் சத்துணவு ஊழியர்கள், காலமுறை ஊதியமும் முறையான ஓய்வூதியமும் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். பிறர் பிள்ளையின் பசியாற்றும் தாய்க்குத் தன் பிள்ளையை வளர்க்கப் போதிய சம்பளம் இருக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

வீட்டுக்குள் இருக்கும் பாரம் எல்லாவற்றிலும் மெதுவாக நகர்கிறது. 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். அத்தகைய ஆண்கள் 97 நிமிடம். 2024ஆம் ஆண்டு ஆய்வில் அது 289 நிமிடமும் 88 நிமிடமும் ஆயிற்று. இரண்டும் சற்றுக் குறைந்தன, இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருந்தது. சட்டம் தாய்க்கு விடுப்புக் கொடுத்தது, இயந்திரம் அவள் தோளுக்கு ஓய்வு கொடுத்தது, அரசு அவள் பிள்ளைக்கு இரண்டு வேளைச் சோறு கொடுத்தது. மூன்றாவது வேளைக்கான அடுப்பு வீட்டில்தான் எரிகிறது. அதன் முன்னால் பெரும்பாலும் அவள் ஒருத்தியே நிற்கிறாள்.